வாசலில் ஊதிய மூச்சு

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஸ்கெலட்டன் லைனில், சரோஜம்மா வீட்டு வாசலில் மத்தியானம் மூன்று மணி வாக்கில் யாரும் நிற்க மாட்டார்கள். கேஸ் சிலிண்டர் போடுகிற ஆள்கூடத் தெருமுனையில் பீடி பிடித்து நேரத்தைக் கடத்திவிட்டுத்தான் வருவான். தப்பித்தவறி நின்றால் கதவு திறக்கும். சரோஜம்மா வெளியே வந்து, ஆள் யாரென்றுகூடப் பார்க்காமல், அவன் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுப்பாள். அப்புறம்தான் அவளுக்குக் கண் தெளியும். "நீயாப்பா? இன்னா வேணும்?" என்று ஒன்றும் நடக்காதது போலக் கேட்பாள்.

அந்த நேரத்தில் வாசலில் யாரோ 'ஃபூ' என்று வாயால் ஊதுகிற சத்தம் அவளுக்குக் கேட்கிறதாம். பகல் ஷிஃப்ட் விட்டு அவள் புருஷன் சம்பங்கி வீடு திரும்புகிற நேரம் அது. சம்பங்கி செத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அவர் இறங்கி ஏறின நந்திதுர்க் சுரங்கத்தை இழுத்து மூடிவிட்டார்கள், ஆள் இறங்குகிற ஷாஃப்ட் குழி முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. ஷிஃப்ட் விட்டதென்று சொல்லச் சங்கும் இல்லை. எல்லாம் போன பிறகும் அந்த ஒரு மூச்சு மட்டும் போகவில்லை. லைனில் சிலர் காத்து கருப்பு என்றார்கள், சிலர் பைத்தியம் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது, மென்றுகொண்டே இருந்தார்கள்.

அவர்கள் கிடக்கட்டும். இது சரோஜம்மாவின் மகள் நளினியின் கதை. நளினிக்கும் அந்தச் சத்தம் ஒருமுறை கேட்டிருக்கிறது. காய்ச்சலில் லீவு போட்டுப் படுத்திருந்த நாளில், அம்மா எழுந்துபோய்க் கதவைத் திறப்பதற்கு முன்பே அவள் காதில் விழுந்துவிட்டது. காய்ச்சலின் வேலை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை. படித்தவள் இல்லையா, படித்தவர்களுக்குப் பயப்படக்கூட வெட்கம்.

ஊதிக் காட்டுவது சரோஜம்மா போட்ட சட்டம். ஷிஃப்ட் விட்ட ஆண்களில் பாதிப் பேர் சாராயக் கடை வழியாகத்தான் வீடு வந்து சேர்ந்த காலம் அது. சரோஜம்மாவின் அப்பாவும் அப்படிக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதனால் கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து, வாசற்படி தாண்டும் முன் சம்பங்கி அவள் முகத்துக்கு நேரே ஊதிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சம்பங்கி அவளுக்குத் தாய்மாமன். அக்கா மகளைக் கட்டியவர், தூக்கி வளர்த்தவர், அவள் குணம் தெரிந்தவர். சிரித்துக்கொண்டே ஊதுவார். அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் நளினியும் அம்மா முகத்தில் ஊதுவாள்.

அப்புறம் சம்பங்கிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மைன்ஸில் இறங்கி மூச்சு வாங்காதவன் யார்? கல்தூசி என்றார்கள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கூடவே கண் மஞ்சளாயிற்று, வயிறு பானை போல வீங்கியது. அங்கேதான் ஊர் கண்ணைச் சிமிட்டியது. நுரையீரல் போனால் தூசி, ஈரல் போனால் சாராயம். அந்த ஊரில் குழந்தைகூடச் சொல்லும் வைத்தியம் இது. "பூனை மாதிரி இருந்துக்கினு இன்னா குடி குடிச்சிருக்கான் பாரேன்" என்று குழாயடியில் பேசினார்கள். சரோஜம்மா குழாயடியில் அவர்களோடு சண்டை போட்டாள். பிறகு வீட்டுக்கு வந்து அவரோடு சண்டை போட்டாள். ஊது என்றாள். அவர் ஊத வந்து, முடியாமல் இருமினார். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலத்தில் ஆள் போய்விட்டார். நளினிக்கு அப்போது பள்ளிக்கூட வயது. தம்பி ரூபேஷ் இடுப்பில் இருந்தான்.

இப்போது நளினிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. விடிந்தும் விடியாமலும் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்குப் போய், இருட்டினபின் திரும்பி வருகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. இடம் கிடைத்தால் தூக்கம், கிடைக்காவிட்டால் கம்பி. "இன்னா வேலம்மா?" என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். நின்றுகொண்டே தூங்குகிறவர்களிடம் புரதத்தைப் பற்றி என்னவென்று சொல்ல?

வேலை இதுதான். நம் உடம்பில் இருக்கும் புரதம் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான மணிகள் கோத்த மாலை. அந்த மணிக்கு அமினோ அமிலம் என்று பெயர். மாலை நீட்டமாகக் கிடப்பதில்லை, சுருண்டு மடிந்து பந்தாகிவிடுகிறது. மடிந்த பிறகு எந்த மணி எந்த மணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பவள் நளினி. அவள் எழுதின புரோகிராம் அணுவுக்கு அணு தூரம் அளக்கும். நாலரை ஆங்ஸ்ட்ரமுக்குள் வந்தால் தொடுகிறது என்று அர்த்தம். ஒரு மயிரிழையைக் குறுக்கே பல லட்சமாகப் பிளந்தால் அதில் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ரம். மாலையில் அடுத்தடுத்து இருக்கும் மணிகளை அவள் கணக்கிலேயே சேர்க்க மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரன் தோள் இடிக்கத்தான் செய்வான், அதில் என்ன சேதி இருக்கிறது? எங்கோ ஒரு கோடியில் இருப்பது, இன்னொரு கோடியில் இருப்பதைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதுதான் சேதி. பந்து அவிழாமல் நிற்பது அந்தப் பிடியால்.

சில குடும்பங்களில் ஒரு மணி மட்டும் வேறு மணியாக மாறிப் பிறந்துவிடும். மாறின மணியை வைத்து ஒரு மாதிரி செய்து, பழையதோடு ஒப்பிட்டு, எந்தப் பிடி விட்டுப்போயிற்று, எந்தப் பிடி புதிதாக வந்தது என்று அவள் சொல்ல வேண்டும். மருந்து தேடுகிறவர்களுக்கு அது தேவைப்படுகிறது. நளினிக்கு இந்த வேலை பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத உறவுகளைக் கண்டுபிடிக்கிற வேலை, யாருக்குத்தான் பிடிக்காது.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், அவள் குழுவுக்குத் தலைவியான ஜூடித் ஒரு புதுப் புரதத்தைக் கொடுத்தாள். ஆல்ஃபா-ஒன் ஆன்டிட்ரிப்சின் என்று வாயில் நுழையாத பெயர். ஈரலில் பிறந்து, ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குக் காவல் போகிற புரதம். கிருமியைத் தின்ன உடம்பு ஏவிவிடுகிற ஒரு நொதி இருக்கிறது, அது கிருமியைத் தின்றுவிட்டு நுரையீரலையும் தின்ன வரும். வராமல் பிடித்து நிறுத்துவது இந்தக் காவல்காரனின் வேலை.

அதில் முந்நூற்று நாற்பத்திரண்டாவது மணி எதிர்மின் கொண்டது. இருநூற்றுத் தொண்ணூறாவது மணி நேர்மின் கொண்டது. மாலையில் அவ்வளவு தள்ளி இருந்தும், மடிந்தபின் இரண்டும் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மாறிப் பிறந்தவர்களுக்கு முந்நூற்று நாற்பத்திரண்டும் நேர்மின்னாகிவிடும். இரண்டும் ஒரே சாதி மின்சாரம், ஒன்றையொன்று தள்ளும். நளினி ஓட்டிப் பார்த்தாள். எதிர்பார்த்தது போலவே அந்தப் பிடி காணாமல் போயிருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, உலகத்துக்கே தெரிந்த சங்கதி அது.

அப்புறம்தான் கூட வந்த மருத்துவக் குறிப்பைப் படித்தாள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் மாறிப் பிறந்தவர்களுக்கு என்ன ஆகும் என்று எழுதியிருந்தது. பிடி தளர்ந்த புரதம் வாயைப் பிளக்கும், அந்தப் பிளவில் இன்னொன்று கையை நுழைக்கும், அதன் பிளவில் வேறொன்று. கொத்துக் கொத்தாக ஈரலிலேயே சிக்கிக்கொள்ளும். ஈரல் கெட்டு வயிறு வீங்கலாம், கண் மஞ்சளாகலாம். காவல் போகாத நுரையீரல் நாற்பது வயதுக்குள் கந்தலாகலாம். புகையும் தூசியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கடைசியில் ஒரு வரி: மதுப்பழக்கம் அறவே இல்லாதவர்களுக்கும் இது வரும்.

நளினி அந்த வரியைப் படித்த நேரம், அவள் காதுக்குப் பின்னால் யாரோ 'ஃபூ' என்று ஊதினார்கள். திரும்பிப் பார்த்தாள். ஜூடித்தின் நாற்காலி காலியாக இருந்தது. ஏசியின் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அப்பா குடிக்கல" என்று வாய்விட்டே சொன்னாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. பங்காருப்பேட்டை வருவதற்குள் அந்தச் சந்தோஷம் வடிந்துபோயிற்று. அப்பா குடிக்கவில்லை என்றால் அம்மா இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருப்பது என்ன? இன்னொரு நினைப்பும் கூடவே வந்தது. ரூபேஷின் கண் பொங்கலிலிருந்தே மஞ்சளாக இருக்கிறது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தன்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தாள். நம் பக்கம் இது அபூர்வம் என்றுதான் எழுதியிருந்தார்கள். அபூர்வம் என்றால் இல்லை என்றா அர்த்தம்? தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் முடிச்சுப் போட்டே வந்த குடும்பம் அவர்களுடையது. சம்பங்கியின் அப்பா அம்மாவும் அதே முறைதான். ஒரு வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொடுத்து வாங்கினால், மாறின மணி ஒன்று தன் ஜோடியைச் சந்திக்காமல் எங்கே போகும்?

மறுநாள் ஜூடித்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜூடித் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஸ்கிரீன்ல பாத்து யாருக்கும் நோய் சொல்லக்கூடாது நளினி. உங்க அப்பா விஷயத்துல இனிமே யாரும் உறுதியா சொல்ல முடியாது. தம்பி இருக்கான் இல்ல? ரத்தம் எடுங்க. இருந்தா பெயின்ட் புகையெல்லாம் உடனே நிறுத்தணும், ஈரல் டாக்டர்கிட்ட காட்டணும். இப்பவே பிடிச்சா பல வருஷம் நல்லா இருக்கலாம்."

ரூபேஷ் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பட்டறையில் காருக்கு பெயின்ட் அடிக்கிறவன். நளினி சனிக்கிழமை நேரே பட்டறைக்கே போய்விட்டாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ரத்தம் கொடுக்க வாடா என்றாள். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான்.

"லிவர் டெஸ்ட்டாக்கா? ரிப்போர்ட்ல லிவர் கெட்டுகீதுன்னு வந்துச்சின்னா அவ்ளோதான். உங்கப்பன மாதிரியே குடிச்சிட்டு வந்து நிக்கிறயேன்னு அம்மா அங்கியே வுழுந்து செத்துடும்."

"நீ குடிக்கறயா?"

"ஃப்ரெண்டு கல்யாணத்துல ஒரு பீரு. அத்தோட சரி. அது என்னா நம்பவா போவுது?"

"அப்ப அப்பாவ மாதிரி உன்னியும் அம்மா வாசல்ல ஊதச் சொன்னா, ஆமா குடிச்சேன்னு ஏன்டா சொல்ற? நானே கேட்டுகீறேன்."

ரூபேஷ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கினான். "இல்லன்னு சொன்னா ராத்திரி பூரா சண்டக்கா. ஆமான்னா அழுதுட்டு சோத்த போட்டுடும். பேசி ஜெயிக்க எனுக்கு தம் இல்ல. அம்மா மொதல்ல நம்பட்டும். அப்பால எங்க கூப்ட்டாலும் வரேன்."

ஆகக் கதை எங்கே வந்து நின்றது பாருங்கள். தம்பி பிழைக்க வேண்டுமானால் ரத்தம் கொடுக்க வேண்டும். அவன் ரத்தம் கொடுக்க வேண்டுமானால், குடிக்காதவனுக்கும் ஈரல் கெடும் என்று அம்மா நம்ப வேண்டும். அதை நம்பினால், புருஷன் மேல் வீண்பழி போட்டவள் தான்தான் என்று அவளுக்கு அதே நொடியில் தெரிந்துபோகும். வாசலில் ஒரு மூச்சைக் கேட்டுக்கொண்டே பாதிப் பைத்தியமாக இருப்பவள், மீதியும் ஆகிவிட்டால்? இருதலைக்கொள்ளி எறும்பு என்பது நளினிக்கு அதுவரை பழமொழிதான்.

நாட்களைத் தள்ளிப்போட்டாள். அலுவலகத்தில் அந்தப் புரதத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினாள். தொடுகிற தூரத்தை நாலரையிலிருந்து ஐந்தாக்கினாள், ஆறாக்கினாள். அந்தப் பிடி எப்படியாவது திரும்பி வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. தூரத்தை இன்னும் கூட்டினால் எதுவும் எதையும் தொடுவதாகத்தான் காட்டும். எட்டி நின்று பார்த்துக்கொள்வது பிடித்துக்கொள்வதாகுமா? அது அவளுக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் செய்தாள். ஒவ்வொரு முறையும் திரையில் அந்தப் பந்து மெதுவாகச் சுழன்று அந்த இடைவெளியை அவள் பக்கம் திருப்பும்போது, கழுத்துக்குப் பின்னால் மூச்சு பட்டது. சூடான, திணறுகிற மூச்சு. ரயிலிலும் பட்டது. இத்தனை வருஷம் வாசலில் நின்ற அப்பா, இப்போது தன் கூடவே ரயிலேறி வருகிறார் என்று நினைத்தாள். அவர் எதையோ கேட்கிறார் என்றும் நினைத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது, அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது. அப்பாவுக்காகப் பேச உலகத்தில் தன்னை விட்டால் ஆளில்லை, தானோ வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று.

ஒரு வெள்ளிக்கிழமை ரூபேஷ் பட்டறையில் ஸ்ப்ரே துப்பாக்கியைப் பிடித்தபடியே சுருண்டு உட்கார்ந்துவிட்டான். கூட வேலை செய்கிறவர்கள் தண்ணீர் தெளித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். சரோஜம்மா அவனை வாசலிலேயே நிறுத்தி ஊதச் சொன்னாள். "குடிச்சேன், வுடும்மா" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்ப் படுத்தான். இனி தள்ளிப்போட முடியாது என்று நளினிக்குத் தெரிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரூபேஷ் சொல்லச் சொல்லக் கேட்காமல், பாதியில் நின்ற வண்டியை முடித்துக் கொடுக்கப் பட்டறைக்குப் போயிருந்தான். சரோஜம்மா அரிவாள்மணையைப் போட்டுக் கருவாட்டுத் தலைகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். நளினி எதிரில் உட்கார்ந்தாள்.

"ம்மா, அப்பா குடிக்கலம்மா."

கருவாடு பிடித்த கை நின்றது. "இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு?"

நளினி சொன்னாள். லைன் வீடுகளை வைத்துச் சொன்னாள். "லைனு நீட்டா இருந்தா முந்நூறாவது வீட்டுக்காரனும் இருநூறாவது வீட்டுக்காரனும் மூஞ்சி பாத்துக்க மாட்டாங்க இல்லம்மா? லைன அப்டியே மடிச்சி வச்சா எதிரெதிரே வந்துருவாங்க. வந்து கைய புடிச்சிக்குவாங்க. நம்ம ஒடம்புல ஒரு பொருள் அப்டிதான் நிக்கிது. அதுல ஒருத்தன் ஆளு மாறிட்டான். புடி வுட்டுடுச்சி. வுட்டதும் ஒன்னோட ஒன்னு சிக்கிக்கினு ஈரல்லயே தங்கிடுச்சி. தங்கினா வயிறு வீங்கும், கண்ணு மஞ்சளாவும். அதுக்குச் சாராயம் வேணாம்மா. வெறும் தண்ணி குடிச்சிக்கினு இருந்தாலும் வரும்."

சரோஜம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப மைன்ஸு தூசி?"

"அதுவுந்தான். காவல் இல்லாத மார்ல தூசி பூந்துச்சி. ரெண்டும் சேந்து அப்பாவ சாப்டுச்சி."

"எங்கேந்து வந்துது இது?"

"வழிவழியா வர்றதும்மா. ரூபேஷுக்கும் இருக்குமோன்னு பயமா கீது. இருந்தா, அதுல ஒன்னு அப்பா குடுத்தது. இன்னொன்னு..."

"என்னுது" என்றாள் சரோஜம்மா. அதை அவள் ஏதோ சாமான் பெயரைச் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மறுபடி கருவாட்டை எடுத்தாள், ஒரு தலையை நறுக்கினாள். பிறகு திடீரென்று குரல் ஏறியது. "பொய்யி. நீ படிச்சிட்டா எது வோணா சொல்லுவியா? அவரே ஒத்துக்கினாரு."

"இன்னா ஒத்துக்கினாரு?"

"குடிச்சேன்னு. கடைசி வாரம். எல்லாரும் வந்து பாத்துட்டு, என்னிய பாத்துச் சிரிச்சிட்டுப் போறாங்க. எனுக்கு மானமே போச்சி. சாமி படத்து மேல கைய வச்சிச் சொல்லு மாமா, குடிச்சியா இல்லியான்னு கேட்டேன். இல்லன்னு தலைய ஆட்டினாரு. நான் வுடல. காலையில கேட்டேன், மத்தியானம் கேட்டேன், வெளக்கு வச்சப்பால கேட்டேன். அப்பால அவரே சொன்னாரு. ஆமா சரோஜா, குடிச்சேன், வுடுன்னாரு. அவரு வாயால சொன்னாருடி. உன் கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியும்?"

நளினிக்கு இது தெரியாது. இத்தனை வருஷத்தில் அம்மா இதை ஒருமுறைகூட வெளியே விட்டதில்லை. 'ஆமா குடிச்சேன், வுடு.' வெள்ளிக்கிழமை வாசலில் கேட்ட அதே பேச்சு, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். அப்பாவும் ஏன் அப்படிச் சொன்னார் என்று நளினிக்குப் புரிந்துபோயிற்று. புரிந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கருவாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ம்மா, இல்லன்னு சொல்லி உன்னோட சண்ட போட அப்பாகிட்ட மூச்சு இல்லம்மா. ஆமான்னா ஒரே வார்த்த."

சரோஜம்மா அரிவாள்மணையிலிருந்து எழுந்தாள். எங்கே போவதென்று தெரியாதவள் போல நின்றாள். கையில் செதில் ஒட்டியிருந்தது, அதைப் புடவையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். நளினி பயந்துபோய் அவள் தோளைப் பிடிக்க வந்தாள். சரோஜம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"அதுக்கப்பால நான் அவருகிட்ட பேசல நளினி" என்றாள். "ஒத்துக்கினாரே, அந்தக் கோவம். கஞ்சி குடுத்தேன். பீ மூத்திரம் அள்ளினேன். பேசல. சரோஜா சரோஜான்னு கூப்ட்டாரு. திரும்பிப் பாக்கல. அவரு போறவரிக்கும் ஒரு வார்த்த பேசலடி."

அவள் அழவில்லை. நளினிதான் அழுதாள். அப்பாவுக்காகவா, அம்மாவுக்காகவா என்று அவளுக்கே தெரியாத அழுகை அது. யாருக்காக இருந்தால் என்ன, இரண்டு பேருக்கும் அது வர வேண்டியதுதான்.

அப்போது வாசலில் 'ஃபூ' என்று ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது. நளினியின் அழுகை நின்றுவிட்டது. ஷிஃப்ட் விடும் நேரம் அதுதான். சரோஜம்மா எப்போதும் போல ஓடவில்லை. அசையாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அந்த மூச்சு கொஞ்ச நேரம் கேட்டபடி இருந்தது. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு ரூபேஷ் வந்தான். மேட்டில் ஏறி வந்ததில் அவனுக்கு நெஞ்சு ஏறி ஏறி இறங்கிற்று. சட்டையெல்லாம் பெயின்ட். அம்மா நிற்கிற நிலையையும் அக்காவின் அழுத முகத்தையும் பார்த்தான், வழக்கமான சண்டைதான் தனக்காகக் காத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னான்.

"சரிம்மா. குடிச்சேன். வுடு."

"இல்ல" என்றாள் சரோஜம்மா. "நீ குடிக்கல."

ரூபேஷுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"நீ குடிக்கலடா. எனுக்குத் தெரியும். ஏன்டா பொய் சொல்றீங்க? ஒருத்தர் மாதிரி ஒருத்தர் ஏன்டா எங்கிட்ட பொய் சொல்றீங்க?" என்று கேட்டபடி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. செத்த வீட்டில் அழுகிற அழுகை, மார் அடித்துக்கொண்டு, மாமா மாமா என்று கூப்பிட்டு. சம்பங்கி செத்த அன்று அவள் அழுததாக லைனில் யாரும் சொன்னதில்லை. அந்த அழுகை இத்தனை வருஷம் கழித்து அன்றைக்கு வந்தது. பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. திறக்கட்டும் என்று நளினி விட்டுவிட்டாள்.

அந்த வாரமே மூன்று பேரும் காலை ரயிலில் பெங்களூருக்குப் போனார்கள். ஜூடித் சொல்லிவைத்திருந்த ஆய்வுக்கூடத்தில் கூட்டம் அதிகமில்லை. ரத்தம் எடுக்கிற பெண் ஊசியைப் பிரித்துக்கொண்டு, யாருக்கு என்று கேட்டாள். நளினி தம்பியை முன்னால் தள்ளினாள். அதற்குள் சரோஜம்மா நாற்காலியில் உட்கார்ந்து, வளையலை மேலே ஏற்றிவிட்டுக் கையை நீட்டியிருந்தாள்.

"உங்களுக்கு என்னம்மா பிரச்சினை? மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எனுக்கு ஒன்னும் இல்லம்மா. இந்தப் புள்ளைங்க அப்பாவதான் கேட்டு கேட்டு சாவடிச்சேன்" என்றாள் சரோஜம்மா. "இப்ப ரத்தத்த எடுத்து என்னியும் கேளுங்க."